'காலியாதானே இருக்கு' என்று டெலிட் செய்யாதீர்கள்: கம்ப்யூட்டர் கண்விழிக்க டிஸ்க் ஒதுக்கி வைக்கும் இடத்தின் கதை

புது லேப்டாப் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, சி டிரைவைப் பிரித்து டி டிரைவ் உருவாக்குவது. அதற்காக விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தைத் திறந்தால், நாம் கேட்காத சில சின்னப் பெட்டிகள் அங்கே உட்கார்ந்திருக்கும். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று ஒன்று, 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில். 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று இன்னொன்று, சில நூறு எம்பி அளவில். இவற்றுக்கு டிரைவ் எழுத்து கிடையாது. வழக்கமான ஃபைல் விண்டோவில் தெரியாது. ரைட் கிளிக் செய்தாலும் பெரும்பாலும் 'ஹெல்ப்' மட்டும்தான் வரும்.

"இதைத் தூக்கிட்டா கொஞ்சம் இடம் கிடைக்குமே?" என்று தோன்றுவது இயல்பு. அப்படித் தூக்கிய பலரின் லேப்டாப், அடுத்த முறை ஆன் செய்தபோது கருப்புத் திரையோடு நின்றிருக்கிறது. உள்ளே இருந்த போட்டோ, ப்ராஜெக்ட், ஆபீஸ் ஃபைல் எதுவும் அழியவில்லை. ஆனால், அவற்றை அடையும் வழி அடைபட்டுவிட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றப் பார்ப்பவர்களின் கண்ணில் 'எம்பிஆர்', 'ஜிபிடி', 'யூஇஎஃப்ஐ' போன்ற சொற்கள் இப்போது அடிக்கடி படுகின்றன. இவை எல்லாமே ஒரே ஒரு கேள்விக்கான பதில்கள்தான்: கம்ப்யூட்டர் கண்விழிக்கத் தேவையான கோடை டிஸ்க்கில் எங்கே வைப்பது?

பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே!

பவர் பட்டனை அழுத்தும்போது ரேம் காலியாக இருக்கும். விண்டோஸோ லினக்ஸோ, எல்லாம் டிஸ்க்கில் ஃபைல்களாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஃபைலைப் படிக்க வேண்டுமென்றால் அது டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபைல் சிஸ்டம் புரிய வேண்டும். அதைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர் எங்கே? ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே. அதாவது, அதே டிஸ்க்கில் ஒரு ஃபைலாக!

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்தச் சிக்கலை உடைக்க மதர்போர்டில் ஒரு சின்ன சிப் இருக்கும். அதிலுள்ள ப்ரோகிராம்தான் பழைய கம்ப்யூட்டர்களின் 'பயாஸ்'. அதற்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. தெரிந்தது ஒரே வேலை: டிஸ்க்கின் முதல் செக்டரைப் படித்து ரேமில் வை, அதன் கடைசியில் சரியான முத்திரை இருக்கிறதா என்று பார், இருந்தால் அந்தக் கோடை ஓட விடு. அவ்வளவுதான்.

செக்டர் என்பது டிஸ்க்கைப் படிக்கும் மிகச் சிறிய துண்டு. வழக்கமாக 512 பைட். பயாஸ் எப்போதும் முதல் துண்டைத்தான் பார்க்கும் என்பதால், அந்த இடத்தில் யாருடைய ஃபைலும் உட்காரக் கூடாது என்று விதி வந்தது. டிஸ்க்கில் பூட் கோடுக்காக இடம் ஒதுக்கும் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

512 பைட்டுக்குள் ஒரு குடித்தனம்

1983-ல் ஐபிஎம் நிறுவனம் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு 'பிசி எக்ஸ்டி' கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0-வில்தான் 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்' எனப்படும் எம்பிஆர் அறிமுகமானது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை அது இப்படிப் பங்கு போட்டது:

* முதல் 446 பைட்: பூட் கோடு
* அடுத்த 64 பைட்: பார்ட்டிஷன் பட்டியல். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் மொத்தம் நான்கு
* கடைசி 2 பைட்: '55 ஏஏ' என்ற முத்திரை. இது இல்லையென்றால் 'இது பூட் ஆகும் டிஸ்க் இல்லை' என்று பொருள்

446 பைட் என்றால் எவ்வளவு? இன்று நாம் போனில் டைப் செய்யும் தமிழில் ஓர் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் ஆகும். அப்படியானால் 446 பைட்டில் 148 எழுத்துக்கு மேல் எழுத முடியாது. ஒரு சின்ன வாட்ஸ்அப் மெசேஜ் அளவு இடத்தில், கம்ப்யூட்டரை எழுப்பும் ப்ரோகிராமை அடக்கியிருக்கிறார்கள்.

அன்று போட்ட கணக்கின் விளைவுகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு முதன்மை பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாதது ஏன்? 64 பைட்டில் நான்குக்குத்தான் இடம். 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் சுமார் 2 டிபிக்கு மேல் எம்பிஆரால் கையாள முடியாதது ஏன்? செக்டர் எண்ணை எழுத அந்தப் பட்டியலில் 32 பிட் மட்டுமே கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் எவ்வளவு விட்டுவைக்கிறது?

446 பைட்டுக்குள் முழு விண்டோஸைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் அந்தக் கோடு அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைக்கிறது. 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்ட பார்ட்டிஷன் எது என்று பார்த்து, அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டரை ரேமில் ஏற்றுகிறது. அங்கே இருக்கும் கோடுக்கு அந்த ஒரு ஃபைல் சிஸ்டத்தை மட்டும் ஓரளவு படிக்கத் தெரியும். அது போய் விண்டோஸின் பூட் மேனேஜர் ஃபைலைத் தேடி எடுத்துவரும். ரிலே ஓட்டம் மாதிரி.

ஆக, டிஸ்க்கின் தலையில் மட்டுமல்ல, ஒவ்வொரு பார்ட்டிஷனின் தலையிலும் பூட் கோடுக்கு இடம் தேவைப்பட்டது. இதில் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் ஒவ்வொரு வழியைப் பிடித்தது:

* ஃபேட்32: நம் பென் டிரைவ்களில் இருப்பது. வழக்கமாக முதல் 32 செக்டர்களை ஒதுக்கிவைக்கும். பூட் செக்டரின் நகல் ஒன்று 6-ம் எண் செக்டரில் இருக்கும்.
* என்டிஎஃப்எஸ்: விண்டோஸின் சி டிரைவ். முதல் 16 செக்டர்கள், அதாவது 8 கேபி, பூட் கோடுக்கு. நகல் ஒன்று பார்ட்டிஷனின் கடைசி செக்டரில்.
* எக்ஸ்ட்4: லினக்ஸில் பரவலாக இருப்பது. முதல் 1,024 பைட்டைத் தொடாது. அதற்குப் பிறகுதான் தன்னுடைய 'சூப்பர்பிளாக்' என்ற தலைமைக் குறிப்பை எழுதும்.
* பிடிஆர்எஃப்எஸ்: தாராள மனசு. இதன் சூப்பர்பிளாக் 64 கேபி தள்ளித்தான் தொடங்கும்.
* ஐஎஸ்ஓ 9660: சிடிக்களின் ஃபைல் சிஸ்டம். முதல் 32 கேபியைக் காலியாகவே விட்டுவிடும்.
* எக்ஸ்எஃப்எஸ்: ஒரு பைட் கூட விடாது! பார்ட்டிஷனின் முதல் பைட்டிலேயே சூப்பர்பிளாக் தொடங்கிவிடும்.

கடைசியில் இருப்பதைப் பார்த்து, "இவங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கலாம். எக்ஸ்எஃப்எஸ், 1990-களில் எஸ்ஜிஐ நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்காக உருவானது. அந்த மெஷின்களில் பூட் கோடுக்கு டிஸ்க்கில் தனியாக வேறு இடம் இருந்தது. அதனால் ஃபைல் சிஸ்டம் இடம் விட வேண்டிய அவசியமே இல்லை. பின்னர் அது லினக்ஸுக்கு வந்தபோதுதான் சிக்கல். எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனின் தலையில் பூட் கோடை எழுதினால் ஃபைல் சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பே அழிந்துபோகும்.

சிடியில் விட்டுவைத்த காலி 32 கேபி பிற்பாடு வேறு விதத்தில் கைகொடுத்தது. அந்த இடத்தில் ஒரு எம்பிஆரை எழுதிவிட்டால், அதே ஐஎஸ்ஓ ஃபைல் சிடியாகவும் பூட் ஆகும், பென் டிரைவில் போட்டாலும் பூட் ஆகும். இன்று உபுண்டு போன்ற லினக்ஸை டவுன்லோடு செய்து நேராகப் பென் டிரைவில் எழுத முடிவதற்கு இதுதான் காரணம்.

புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டிய கதை

இதுவரை சொன்னதெல்லாம் முறைப்படி ஒதுக்கிய இடங்கள். யாரும் ஒதுக்காத ஒரு காலி இடமும் பழைய டிஸ்க்கில் இருந்தது.

டாஸ் காலத்தில் டிஸ்க்கின் ஒரு வட்டப் பாதையில் 63 செக்டர்கள் என்று கணக்கு. முதல் செக்டரில் எம்பிஆர். முதல் பார்ட்டிஷனோ அடுத்த பாதையிலிருந்துதான் தொடங்கும். நடுவில் 62 செக்டர்கள், அதாவது 31 கேபி, சும்மா கிடந்தது. யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு நிலம்!

லினக்ஸின் பூட்லோடரான 'க்ரப்' அதைப் பார்த்தது. 446 பைட்டில் முதல் துண்டை வைத்துக்கொண்டு, பெரிய இரண்டாம் துண்டை இந்த 31 கேபியில் குடியேற்றியது. அந்த இரண்டாம் துண்டுக்குப் பல ஃபைல் சிஸ்டங்களைப் படிக்கத் தெரியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால், புறம்போக்கு இடத்தைப் பார்த்தது க்ரப் மட்டுமல்ல. விண்டோஸில் ஓடும் சில கட்டண சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் கண்காணிப்பு முறைகளும் அதே இடத்தில் தங்கள் ரகசியக் குறிப்பை எழுதின. 'இங்கே யார் வந்து பார்க்கப் போறாங்க' என்ற கணக்கு. விளைவு: விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், லினக்ஸ் பூட் ஆகாது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் பயனர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் க்ரப் உருவாக்குநர்கள் அப்படிப்பட்ட குறிப்புகள் இருக்கும் செக்டர்களை அடையாளம் கண்டு தாண்டிப் போகவும், சில பைட்கள் கெட்டாலும் சரிசெய்துகொள்ளவும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முதல் பார்ட்டிஷன் 1 எம்பி தள்ளித் தொடங்குவது வழக்கமானது. அதனால் நெருக்கடி குறைந்தது. ஆனாலும் அந்த இடம் புறம்போக்காகவே இருந்தது.

முதல் செக்டரைப் பிடித்தவன் ராஜா

கம்ப்யூட்டர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓட்டும் முதல் கோடு இங்கே இருக்கிறது. ஆன்டிவைரஸ் விழிப்பதற்கு முன்பே இது ஓடிவிடும். வைரஸ் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

1986-ல் பரவிய 'பிரெயின்' இதற்கு முன்னோடி. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் இது உட்கார்ந்துகொள்ளும். அசல் பூட் செக்டரை வேறு இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைக் 'கெட்டுப்போன செக்டர்' என்று குறித்துவிடும்.

அடுத்து வந்த பூட் வைரஸ்கள் ஹார்ட் டிஸ்க்கின் எம்பிஆரிலும் தொற்றின. சி டிரைவை ஃபார்மட் செய்தும் வைரஸ் போகவில்லை என்று அந்தக் காலத்தில் பலர் புலம்பியதற்கு இதுதான் காரணம். ஃபார்மட் செய்வது பார்ட்டிஷனுக்கு உள்ளே மட்டும்தான். எம்பிஆர் அதற்கு வெளியே இருக்கிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 27-ல் உக்ரைனில் தொடங்கிய 'நாட்பெட்யா' தாக்குதலும் எம்பிஆரை அழித்துத் தன் கோடை எழுதியது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் அதில் பலமாக அடிபட்டது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை பாதிக்கப்பட்டது. சுமார் 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் மறுபடியும் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார்.

பட்டா கொடுத்த ஜிபிடி

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் முடிவு கட்ட வந்ததுதான் யூஇஎஃப்ஐ. 1990-களின் இறுதியில் இன்டெல் தொடங்கிய முயற்சி, 2005-ல் பல நிறுவனங்கள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்குப் போனது. இதில் மாறிய முக்கியமான விஷயம், மதர்போர்டில் இருக்கும் ப்ரோகிராமுக்கே ஃபேட் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியும் என்பது.

அதனால் பூட் கோடைச் சந்து பொந்தில் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. டிஸ்க்கில் ஃபேட் வகையில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் போட்டு, அதில் சாதாரண ஃபைலாகவே வைத்துவிடலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நாம் பார்த்த அந்த 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' இதுதான். விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். ஒருவர் இடத்தில் இன்னொருவர் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஃபைலில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டும் வசதிதான் 'செக்யூர் பூட்'.

கூடவே வந்த ஜிபிடி முறையில் பொதுவாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு. பட்டியலின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முதல் செக்டரில் ஒரு பெயரளவு எம்பிஆரையும் ஜிபிடி வைத்திருக்கிறது. பழைய சாஃப்ட்வேர்கள் 'டிஸ்க் காலி' என்று நினைத்து எழுதிவிடாமல் தடுக்கும் காவலாளி அது.

ஜிபிடியில் புறம்போக்கு கிடையாது. இடம் வேண்டுமா, பார்ட்டிஷனாகப் பதிவு செய்துகொள். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் உள்வேலைகளுக்காக 16 எம்பியில் 'ரிசர்வ்டு' பார்ட்டிஷன் ஒன்றைப் போடுகிறது. இது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில்கூடத் தெரியாது. பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் ஜிபிடி டிஸ்க்கைப் போடுபவர்களுக்காக க்ரப்பும் ஒரு பார்ட்டிஷன் வகையைப் பதிவு செய்தது. அதன் 16 பைட் அடையாள எண்ணை எழுத்துகளாக மாற்றிப் படித்தால், 'ஹா! ஐ டோன்ட் நீட் இஎஃப்ஐ' என்று வரும். ப்ரோகிராமர்களின் குறும்பு!

ஒதுக்கினால் போதுமா? போதுமான அளவு ஒதுக்கணும்!

பட்டா கிடைத்தாலும் நிலம் சின்னதாக இருந்தால் பிரச்சினைதான். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் கேட்டது. பல கம்ப்யூட்டர்களில் அவ்வளவு இல்லை. அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்றது. சி டிரைவில் நூறு ஜிபி காலியாக இருந்தும் பயனில்லை. பார்ட்டிஷனை நாமே பெரிதாக்கிக்கொள்ளும் வழிமுறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியதாயிற்று.

உங்கள் போனிலும் இதே கதைதான்

ஆண்ட்ராய்டு போனின் உள் மெமரியிலும் பல பார்ட்டிஷன்கள் உண்டு. 'பூட்' என்ற பார்ட்டிஷனில் இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இதயமான கெர்னல். ஆண்ட்ராய்டு 7 முதல் பல போன்களில் இது 'ஏ', 'பி' என இரண்டு பிரதியாக இருக்கிறது. நீங்கள் 'ஏ'-வில் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய அப்டேட் 'பி'-யில் ஏறிவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் 'பி' எழ வேண்டும். எழாவிட்டால் போன் பழைய 'ஏ'-வுக்கே திரும்பிவிடும். அப்டேட்டால் போன் செத்துப்போகும் அபாயத்தைக் குறைக்க, கொஞ்சம் இடத்தைத் தியாகம் செய்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதானே காட்டுகிறது, மீதியெல்லாம் பூட் கோடா? இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் வகுக்கிறது. அந்த வித்தியாசம்தான் அது.

நாம் கவனிக்க வேண்டியவை

* சின்னப் பார்ட்டிஷன்களைத் தொடாதீர்கள்: இஎஃப்ஐ, ரெக்கவரி, ரிசர்வ்டு ஆகியவற்றை டெலிட் செய்து கிடைக்கும் இடம், ஒரு சினிமா வைக்கக்கூடப் பத்தாது.

* லினக்ஸை நீக்கும் முன் யோசியுங்கள்: டூயல் பூட் லேப்டாப்பில் லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்தால் க்ரப்பின் முதல் துண்டு அப்படியே இருக்கும். அது தேடும் மீதி ஃபைல்கள் இருக்காது. 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கருப்புத் திரையில் நிற்கும். யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலில் வைத்துவிட்டு, பிறகு அழியுங்கள்.

* 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள்: பூட் செக்டர் கெட்டுப்போன டிஸ்க்கை விண்டோஸால் அடையாளம் காண முடியாது. அதனால் அப்படிக் கேட்கும். என்டிஎஃப்எஸ், ஃபேட்32 இரண்டிலும் பூட் செக்டரின் நகல் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச சாஃப்ட்வேரால் அந்த நகலிலிருந்து மீட்க முடியும். ஃபார்மட் செய்துவிட்டால் வேலை கடினமாகிவிடும். 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?' என்ற கேள்விக்கும் இதே எச்சரிக்கை.

* பென் டிரைவ் சுருங்கிவிட்டதா? லினக்ஸ் எழுதிய பிறகு 32 ஜிபி பென் டிரைவ் சில எம்பி மட்டும் காட்டினால் பயப்பட வேண்டாம். பார்ட்டிஷன் பட்டியல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'டிஸ்க்பார்ட்' கருவியில் 'க்ளீன்' கொடுத்து, புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் முழு அளவும் திரும்பும். ஆனால், டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். தவறான எண் கொடுத்தால் லேப்டாப்பின் பார்ட்டிஷன் பட்டியலே போய்விடும்.

* எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றலாமா? விண்டோஸ் 10-லேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றித்தரும். ஆனால், டிஸ்க்கில் மூன்று முதன்மை பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றிய பிறகு பயாஸ் செட்டிங்கில் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற மறந்தால் விண்டோஸ் எழாது. அதற்கு முன் அந்த லேப்டாப் யூஇஎஃப்ஐ-யை ஆதரிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எதைச் செய்வதற்கு முன்பும் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பூட் கோடு போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். எந்த லேப்டாப்பிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் போட்டோக்கள் அப்படியல்ல, அவை உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.